பின்னாடி ஓடுறது லோங்காங்கா வாட்டர்பாடியா: மாஸ்டர் பிளான் படிக்கிறது எப்படி

போன மாசம் இங்க சிங்கப்பூர்ல என் மச்சான் ஒரு டெரஸ் வீடு பாக்கப் போனாரு. ஏஜென்ட் பின் கதவத் திறந்து "வாட்டர் வியூ சார்"னு காட்ட, எட்டிப் பாத்தா சிமெண்ட் லோங்காங், அதாவது வடிகால், கணுக்கால் அளவு தண்ணி, ஓரத்துல ஒரு உடும்பு வெயில் காயுது. சிரிச்சுட்டு வந்துட்டாரு. ஆனா எந்த நெலம் எதுக்குன்னு திட்டம் போடுற அரசாங்க அமைப்பு யூஆர்ஏவோட மாஸ்டர் பிளான் மேப்ல நான் தேடிப் பாத்தா அது நிஜமாவே வெளிர் நீலத்துல 'வாட்டர்பாடி'னு தான் இருக்கு!

நீங்களும் பாக்கலாம், காசு கிடையாது. யூஆர்ஏ ஸ்பேஸ்னு தேடுங்க, மாஸ்டர் பிளான் மேப்ல ஆறு இலக்க போஸ்டல் கோடு போடுங்க, இடத்து மேல தட்டுனா எந்த ஸோன்னு வரும். பக்கத்துல 2.8 மாதிரி ஒரு நம்பர் இருந்தா அது பிளாட் ரேஷியோ, அதாவது 1,000 சதுர மீட்டர் நிலத்துல எல்லா மாடியும் சேத்து 2,800 சதுர மீட்டர் தளம் வரைக்கும் கட்டலாம். மனையோட இருக்கற தரை வீட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது, அங்க ரெண்டு மாடி ஏரியாவா மூணு மாடி ஏரியாவான்னு தான் பாக்கணும், ரெண்டு மாடின்னா உயரம் 12 மீட்டர், மூணு மாடின்னா 15.5 மீட்டர்.

நெறைய பேரு கலரப் பாத்துட்டு மேப்ப மூடிடுறாங்க, அங்க தான் தப்பு. மாஸ்டர் பிளானுக்கு ரிட்டன் ஸ்டேட்மெண்ட்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு ஸோனுக்கும் அர்த்தம் அதுல தான். வாட்டர்பாடின்னா வடிகாலுக்குப் பயன்படுற அல்லது பயன்படப்போற இடம், அப்புறம் நீர்த்தேக்கம், குளம், ஆறு, மத்த நீர்வழி எல்லாம். 'பயன்படப்போற'ங்கிற வார்த்தைய ரெண்டு தடவ படிங்க, இன்னிக்கு புல்லு மொளச்சுக் கெடக்குற இடம் கூட அதுல வரலாம். அதே சமயம் காண்டோ அடுக்குமாடியில எவ்ளோ பெரிய நீச்சல் குளம் இருந்தாலும் அந்த நெலம் ரெசிடென்ஷியல் தான். கண்ணுக்குத் தண்ணி தெரியுதாங்கிறது பேச்சே இல்ல, அந்த நெலம் எதுக்குங்கிறது தான் பேச்சு.

'ரிசர்வ் சைட்'னு இருந்தா என்ன வரப்போகுதுன்னு இன்னும் முடிவு பண்ணலன்னு அர்த்தம். எதிர்ல காலி நெலம், காத்து சூப்பரா வருதுன்னு நம்பி வாங்காதீங்க.

கடை எடுக்கிறவங்களுக்கு ஸோன் மட்டும் பத்தாது. லிட்டில் இந்தியாவுல தேக்கா பக்கம் சேலைக் கடையா இருந்தத தோசைக் கடை ஆக்கணும்னா, ரெண்டும் வியாபாரம் தானேன்னு தோணும், ஆனா சட்டத்துல கடை ஒரு யூஸ் கிளாஸ், அதாவது பயன்பாட்டு வகை, ரெஸ்டாரண்ட் இன்னொரு யூஸ் கிளாஸ், மாத்தறதுக்கு அனுமதி வேணும். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே அந்த யூனிட்டோட அனுமதிக்கப்பட்ட பயன்பாடு என்னன்னு கேளுங்க. வீட்டுக்கும் விதி உண்டு: டியூஷன் எடுக்கறீங்களா, ஒரே நேரத்துல மூணு பிள்ளைங்களுக்கு மேல கூடாது.

சரி, லோங்காங்குக்கு வருவோம். மேப்ல நீலக் கோடு வேலிக்கு வெளிய முடியுதேன்னு நிம்மதி ஆயிடக் கூடாது. வடிகாலுக்கு ஒதுக்குன நெலம், ட்ரைனேஜ் ரிசர்வ்னு சொல்வாங்க, அது சில சமயம் நம்ம மனைக்குள்ளயே வரும். இன்னொண்ணு, வடிகால அகலப்படுத்தறதுக்குன்னு கோடு போட்டு வச்சிருப்பாங்க. ஸோனிங் மேப்ப மட்டும் வச்சு இத முடிவு பண்ண முடியாது, தண்ணி, வடிகால் எல்லாம் பாத்துக்கற பியூபியோட ட்ரைனேஜ் இன்டர்பிரடேஷன் பிளான்னு தனியா ஒண்ணு இருக்கு, கட்டணம் கட்டி வாங்கணும். ட்ரைனேஜ் ரிசர்வ் எடத்துல பியூபி அனுமதி இல்லாம செவரு, கூரை எதுவும் எழுப்ப முடியாது. சாலைக்கும் இதே மாதிரி போக்குவரத்து ஆணையம் எல்டிஏகிட்ட ரோட் லைன் பிளான் இருக்கு, வாங்கறப்ப ரெண்டையும் சேத்தே வாங்கிடுங்க.

மச்சானும் அந்த வீட்டுக்கு பிளான வாங்கிப் பாத்தாரு. பின்பக்கம் கிச்சன நீட்டலாம்னு அக்கா டைல்ஸ் வரைக்கும் பாத்து வச்சிருந்த எடத்துக்கு நடுவுல தான் கோடு போகுது. இப்ப அக்கா வேற வீடு பாக்கச் சொல்லுது, மச்சானுக்கு உடும்ப விட மனசில்ல.