ஹெட்ஃபோனுக்கு ஆம்ப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் ஸ்பீக்கர் வைத்து நல்ல பாட்டுக் கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. உயரமான கூரை, வழவழவென்று சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடி டைல்ஸ், பட்டாலையில் திரையோ சோஃபாவோ பெரிதாக இருக்காது. ஒரு மிருதங்க அடி விழுந்தால் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்து அடுத்த அடியோடு கலந்துவிடும். அதனால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பாட்டில் அக்கறை உள்ளவர்கள் ஹெட்ஃபோனுக்குப் போவது நியாயமான முடிவுதான். சிக்கல் அடுத்த படியில், ஹெட்ஃபோனுக்கு வேண்டிய பவரைத் தரும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கும்போது வருகிறது. "300 ஓம் ஹெட்ஃபோன் வாங்கியிருக்கேன், எத்தனை வாட்ஸ் ஆம்ப் வேணும்?" என்பார்கள். ஓமை (இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு ஹெட்ஃபோன் காட்டும் தடை) மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. சென்சிடிவிட்டியும் தெரிய வேண்டும், இரண்டில் அதுதான் பெரிய ஆள்.

சென்சிடிவிட்டி என்றால் ஒரு மில்லிவாட் கொடுத்தால் அந்த ஹெட்ஃபோன் எத்தனை டெசிபல் சத்தம் போடும் என்ற கணக்கு. சில கம்பெனிகள் ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு என்று கொடுப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், பெரிய வித்தியாசம் வரும். சென்ஹைசர் எச்டி 650க்கு 103 டெசிபல் என்று போட்டிருப்பது ஒரு வோல்ட்டுக்கு. 300 ஓமில் ஒரு வோல்ட் என்றால் 3 மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஆக மில்லிவாட் கணக்கில் அது 98தான்.

இப்போது கணக்குக்கு வருவோம், பள்ளிக்கூடக் கணக்குதான். பாட்டில் திடீரென்று எழும் உச்சத்துக்கு 110 டெசிபல் கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (உச்சத்துக்கு மட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், சராசரி 80 டெசிபல். காதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.) 110இலிருந்து மில்லிவாட் கணக்கு சென்சிடிவிட்டியைக் கழியுங்கள். ஒரு மில்லிவாட்டில் தொடங்கி, மீதியில் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பவர் பத்து மடங்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இரண்டு மடங்கு. எச்டி 650க்கு மீதி 12, அதாவது சுமார் 16 மில்லிவாட். அவ்வளவுதான்! அதை வாட்டாக மாற்றி, ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் தேவையான வோல்ட் வரும்: 0.016 பெருக்கல் 300 என்றால் 4.8, அதன் மூலம் 2.2 வோல்ட். ஒரு வோல்ட் மட்டுமே தரும் ஃபோன் டாங்கிளில் (சார்ஜ் ஓட்டையில் செருகும் சின்ன ஹெட்ஃபோன் அடாப்டர்) இது ஏன் மூச்சு வாங்குகிறது என்பது இப்போது புரியும்.

இதே கணக்கை வேறு ஹெட்ஃபோன்களுக்குப் போட்டால்தான் சுவாரசியம். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல்; 13 மில்லிவாட், 0.7 வோல்ட் போதும். இதற்கென்று தனி ஆம்ப் வாங்குவது வீண் செலவு, டாங்கிளே தாராளம். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம், 96 டெசிபல், இதற்கு 25 மில்லிவாட், 2.5 வோல்ட். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ வெறும் 25 ஓம்தான், "ஓம் கம்மி, ஃபோனிலேயே ஓடும்" என்று கடையில் சொல்லிவிடுவார்கள், ஆனால் சென்சிடிவிட்டி 91 என்பதால் 80 மில்லிவாட் வேண்டும், வோல்ட் 1.4 போதும் என்றாலும் கரண்ட் 56 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், சின்ன டாங்கிள்கள் பல இங்கேதான் படுத்துவிடும். அதே கம்பெனியின் பழைய எச்இ6 83.5 டெசிபல், 50 ஓம். அதற்கு 450 மில்லிவாட், 4.7 வோல்ட். அது நிஜமாகவே ஆம்ப் கேட்கிற ஜாதி.

தேவை தெரிந்துவிட்டதா, அப்புறம் ஆம்ப் பெட்டியைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 500 மில்லிவாட் என்று இருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் 32 ஓம் என்று இருக்கும். 32 ஓமில் 500 மில்லிவாட் என்றால் 4 வோல்ட். அந்த 4 வோல்ட்டே உச்சம் என்றால் 300 ஓமில் கிடைப்பது 53 மில்லிவாட் மட்டுமே. எச்டி 650க்கு அதுவே மூன்று மடங்கு அதிகம், ஆக பயப்பட வேண்டாம், ஆனால் உங்கள் ஹெட்ஃபோனின் ஓமுக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். 1 வாட் ஆம்புக்குப் பதில் 2 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல், காதுக்குக் கொஞ்சூண்டு வித்தியாசம். அதற்கு இரட்டை விலை கொடுக்காதீர்கள். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு அவுட்புட்டும் (இடது, வலதுக்குத் தனித்தனி ஜோடி வயர் போகும் ஓட்டை) கிட்டத்தட்ட இதே கதை: வோல்ட் கூடும். உங்களுக்கு வோல்ட் போதவில்லை என்றால் பயன், போதும் என்றால் ஒரு கேபிள் செலவு.

பலர் பார்க்காமல் விடுவது அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டிலேயே உள்ள ஓம். ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான வழக்கு. 32 ஓமுக்கு 4 ஓம், அதற்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் தேடும்போது கனமான ஸ்டீரியோ ஆம்ப் ஏதாவது கண்ணில் பட்டால் இது ஞாபகம் இருக்கட்டும். அந்தக் காலத்து ஆம்ப்களில் ஹெட்ஃபோன் ஓட்டைக்குத் தனி சர்க்யூட் பெரும்பாலும் கிடையாது, ஸ்பீக்கர் அவுட்புட்டையே நூறு, சில நூறு ஓம் ரெசிஸ்டர் வழியாக விட்டிருப்பார்கள். எச்டி 650இன் இம்பீடன்ஸ் பேஸ் பகுதியில் 500 ஓம் பக்கம் எகிறும். 120 ஓம் அவுட்புட்டில் மாட்டினால் அங்கே ஒரு டெசிபல் கூடி, தவில் கொஞ்சம் தடித்துக் கேட்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கும் பழைய பாட்டுக்குப் பிடிக்கும். ஹைஃபைமேன் மாதிரி பிளானர் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து சத்தம் தரும்) ஹெட்ஃபோன்களில் இம்பீடன்ஸ் ஏறி இறங்காது, அதனால் சத்தம் குறையுமே தவிர தொனி மாறாது. பல டிரைவர் (சத்தம் எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) உள்ள இயர்ஃபோனை மட்டும் இப்படி ஓம் கூடின அவுட்புட்டில் மாட்டவே மாட்டாதீர்கள், தொனி தாறுமாறாகிவிடும். வால்வ் ஆம்ப்களில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகைக்கும் இதே விதிதான்: 300 ஓமுக்குப் பொருந்தும், 32க்கு ஆகாது. சித்திரை வெயிலில் வால்வ் கக்கும் சூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உங்கள் பாடு.

கெயின் (வரும் சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) ஸ்விட்ச் இருக்கிற ஆம்பாகப் பாருங்கள். குமிழைத் திருப்ப ஆரம்பித்த உடனே கத்துகிறது என்றால் கெயின் அதிகம். விலை குறைந்த குமிழ்களில் ஆரம்பப் பகுதியில் இடது வலது சமமாக இருக்காது, பாடகர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார். இயர்ஃபோன் என்றால் "உஸ்" சத்தமும் கேட்கும்.

இனி நம்ம ஊர்க் கரண்ட். பழைய வீடுகளில் எர்த் இல்லாத இரண்டு பின் பாயிண்ட் இன்னும் நிறைய. லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் "ம்ம்ம்" என்று ஒரு முனகல், ஆம்பின் உலோகப் பெட்டியைத் தொட்டால் கை சுறுசுறுவென்று இருந்தால், ஆம்பைக் குறை சொல்லும் முன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். முனகல் நின்றால் சிக்கல் பெரும்பாலும் வயரிங்கில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரி செய்யுங்கள், அது முடியும்வரை பேட்டரியில் ஓடும் ஆம்ப் நிம்மதி. எர்த் பின்னை ஒடித்துவிட்டால் முனகல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கு உலை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப் கரண்ட் போனதும் உறுமலாம், சூடேறலாம். சைன் வேவ் என்றால் தொல்லை இல்லை.

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சொந்தக்காரர் வாங்கி வந்தால் வோல்ட்டேஜ் நம்முடையதேதான், பிளக் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவிலிருந்து வருகிறது என்றால் அடாப்டரில் 100-240 என்று இருக்கிறதா என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 மட்டும் இருந்தால் நம் 230இல் செருகியதும் புகைந்துவிடும். சரி, அடாப்டரை இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்றால் இன்னொன்றும் உண்டு: சில ஹெட்ஃபோன் ஆம்ப்களுக்கு அடாப்டரிலிருந்து டிசி வராது, ஏசிதான் வரும். கடையில் கேட்கும்போது வோல்ட், ஆம்பியரோடு ஏசியா டிசியா என்பதையும் பழைய அடாப்டரைக் காட்டியே கேளுங்கள்.