இரண்டு நகர மன்றம், ஒரு நூலகம்: கீழ்த்தள நூலகம் தொடங்கி நடத்தும் முறை

சிங்கப்பூரில் சில இடங்களில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நகர மன்றம், அந்தப் பக்கம் இன்னொன்று. இரு பக்கத்துக் குடியிருப்பாளர்களும் சேர்ந்து நூலகம் நடத்தலாம். புத்தகம் திரட்டுவது எளிது. கேட்டால் வந்து குவியும். எந்தப் பிரதி யாருடையது, இப்போது எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் தனித்தனியாக எழுதி வைக்காததால்தான் கூட்டு நூலகங்களில் மனக்கசப்பு வருகிறது.

படி 1: இடமும் அனுமதியும்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி புளோக்குகளில் திறந்த கீழ்த்தளத்தைப் பராமரிப்பது நகர மன்றம். அலமாரி நிற்கப்போகும் புளோக் எந்த மன்றத்துக்கு உட்பட்டதோ, அங்கே எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். இரு பக்கமும் அலமாரி என்றால் இரண்டு விண்ணப்பம். ஒரு மன்றம் தந்த அனுமதி மறுபக்கத்தில் செல்லாது. அலமாரியின் அளவு, இடத்தின் படம், பொறுப்பாளர் பெயர், தேவைப்பட்டால் அகற்றுவது யார் என்பதை இணையுங்கள்.

மின்தூக்கி, படிக்கட்டு, அஞ்சல் பெட்டி, தீயணைப்புக் குழாய் ஆகியவற்றின் முன்னால் வைக்காதீர்கள். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. கீழ்த்தளத்தில் அதைவிடத் தாராளமாகவே விடுங்கள்.

சாரல் அடிக்காத உள்பக்கச் சுவராகப் பாருங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் 5 செ.மீ. இடைவெளி வேண்டும், காற்று போக. அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், துப்புரவுப் பணியாளர்கள் தண்ணீர் அடித்துத் தரை கழுவுவார்கள்.

படி 2: ஒரே தாளில் ஒப்பந்தம்

நான்கு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும். ஒவ்வொரு பிரதியும் யாருடையது? பழுதுபார்க்கும் செலவு யாருக்கு? ஒரு தரப்பு விலகினால் பிரிப்பது எப்படி? சச்சரவில் முடிவு சொல்வது யார்?

மன்றத்தின் பெயரோடு புளோக் எண்ணையும் எழுதுங்கள். தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகள் திருத்தப்படுவதுண்டு; நகர மன்ற எல்லைகளும் அதையொட்டி மாறும். 2025 பொதுத் தேர்தலை ஒட்டியும் மாறின. பெயரை மட்டும் நம்பிய ஒப்பந்தம் அன்றைக்கே குழம்பிப் போகும்.

படி 3: பட்டியல்

விரிதாள் ஒன்று போதும். ஒரு பிரதிக்கு ஒரு வரி. ஒரே நாவல் மூன்று இருந்தால் மூன்று வரி. நிரல்கள்: பிரதி எண், தலைப்பு, ஆசிரியர், மொழி, உரிமையாளர், தற்போதைய இடம், நிலை. உரிமையாளரையும் இடத்தையும் ஒரே நிரலில் போடவே கூடாது.

பிரதி எண்ணை ஒரு தரப்புக்கு 10001 என்றும் மற்றதற்கு 20001 என்றும் தொடங்குங்கள். 0001 என்று தொடங்கினால் விரிதாள் முன்னால் உள்ள சுழியங்களைத் தின்றுவிடும். நூலின் சர்வதேச அடையாள எண்ணான 13 இலக்க ஐஎஸ்பிஎன்னுக்கும் நிரல் சேர்த்தால் அதுவும் 9.78E+12 என்று மாறிவிடும்; அந்த நிரலை முன்கூட்டியே ‘உரை’ வடிவத்துக்கு மாற்றுங்கள்.

தமிழ்த் தலைப்புகளை யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தவை தேடினால் அகப்படாது. ஆசிரியரை முன்னெழுத்தால் அடுக்காமல் பெயரால் அடுக்குங்கள். முன்னெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டால் வரிசை தானாகச் சரியாகும்.

ஆயிரம் பிரதிகளைத் தாண்டினால் ‘கோஹா’ என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம். நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவும் சொந்த நூலகம், தற்போது இருக்கும் நூலகம் என இரண்டையும் பிரித்தே பதிகிறது. ஆயிரத்துக்குக் குறைவான பிரதிகளுக்கு அந்த மென்பொருள் வீண் சுமை.

படி 4: நன்கொடைப் புத்தகம்

பழைய பாடத்திட்டப் பயிற்சி நூல்கள், பூசணம் பிடித்தவை, பக்கம் கழன்றவை வேண்டாம் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரருக்குப் போகவேண்டியதெல்லாம் உங்களிடம் வரும்.

வந்த புத்தகத்தை நேரே அலமாரியில் வைக்காதீர்கள். மூட்டைப்பூச்சியும் வெள்ளிப்பூச்சியும் கூடவே வரும். நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, -18 பாகை உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் பையைப் பிரிக்க வேண்டாம். குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூசணம் வளரத் தொடங்கும். சிங்கப்பூரில் பெரும்பாலும் அதற்கு மேல்தான். திறந்த அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போடுவது காசுக்குக் கேடு. காற்றோட்டமும் புத்தகங்கள் அடிக்கடி கைமாறுவதும்தான் மருந்து. 90 செ.மீ. தட்டில் 35 புத்தகங்களுக்கு மேல் திணிக்காதீர்கள்.

படி 5: இரவல்

தவணை 21 நாள் வையுங்கள். தேசிய நூலக வாரியத்தில் மக்களுக்குப் பழகிய கணக்கு அது. பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள்: சட்டப்படி தேவைப்படாத இடங்களில் அதைச் சேகரிப்பதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் கட்டுப்பாடு உண்டு. இரவல் ஏட்டை அலமாரியில் திறந்து வைப்பதும் தவறு, பக்கத்து வீட்டார் எண்ணெல்லாம் எல்லார் கண்ணிலும் படும். பொறுப்பாளர் கைப்பேசியில் இருக்கட்டும்.

படி 6: மாதக் கணக்கு

வாரியத்தின் புத்தகத்தை எந்தக் கிளையிலும் திருப்பித் தரலாம் அல்லவா, இங்கேயும் வாசகர்கள் அப்படித்தான் செய்வார்கள். தடுக்காதீர்கள். மாதம் ஒரு முறை இரு தரப்பிலும் ஒருவர் வந்து பிரதி எண்ணைப் பார்த்துத் ‘தற்போதைய இடம்’ நிரலை மட்டும் திருத்தினால் போதும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் தட்டு நிரம்பி வழிந்தால் மட்டும் ஒரு பை நிறைய மாற்றுங்கள். தொடர்ந்து மூன்று கணக்கெடுப்பில் கண்ணில் படாத பிரதியை ‘தொலைந்தது’ என்று குறியுங்கள், வரியை அழிக்காதீர்கள். பாதி நேரம் அது திரும்பி வரும்.