கரைசலில் என்ன அயனி இருக்கிறது? தேடுவதை நீங்களே ஊற்றிவிடாமல் கண்டுபிடிக்க

படிக்கிற காலத்தில் ஒரு நாள் லேபில் எங்கள் வரிசை முழுக்க 'குளோரைடு' என்று எழுதி வைத்தோம். கொடுத்ததோ ஆளுக்கொரு உப்பு. டெஸ்ட் டியூபைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, உப்பையும் அதே தண்ணீரில் கரைத்திருந்தோம், அந்தப் போர்வெல் தண்ணீரில் இருந்த குளோரைடு எல்லாருக்கும் ஒரே விடையைக் கொடுத்துவிட்டது. சால்ட் அனாலிசிஸில், அதாவது ஒரு உப்பில் எந்தெந்த அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதில், பாதித் தவறு இந்த வகைதான்: தேடுகிற அயனியை நாமே ஊற்றிவிட்டு 'இருக்கிறது' என்று எழுதுவது.

அதனால் முதல் வேலை, காய்ச்சி வடித்த நீர். டியூபைக் கடைசியாக ஒருமுறை அதில் அலசுங்கள், உப்பையும் அதிலேயே கரையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக ஒன்றிரண்டு மி.லி. எடுங்கள், ஒன்றுக்குப் பயன்படுத்தியதையே அடுத்ததற்கும் வைத்துக்கொண்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கரைசலின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் காப்பராக இருக்கலாம், வெளிர் பச்சை என்றால் ஃபெரஸ், மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் ஃபெரிக் (இரண்டும் இரும்பின் அயனிகள்தான்). இது சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

அம்மோனியத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பின்னால் அம்மோனியம் ஹைட்ராக்சைடு ஊற்றப் போகிறோம், ஊற்றிய பிறகு எந்தக் கரைசலிலும் அம்மோனியம் இருக்கத்தான் செய்யும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து லேசாகச் சூடாக்கி, ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை டியூப் வாய்க்கு மேலே காட்டுங்கள். நீலமானால் அம்மோனியா வருகிறது. தாள் கண்ணாடியில் படக்கூடாது, அங்கே ஒட்டியிருக்கிற காரமே அதை நீலமாக்கிவிடும்.

கார்பனேட் சுலபம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கும், அந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டால் பால் மாதிரி ஆகும். ரொம்ப நேரம் விட்டால் மறுபடி தெளிந்துவிடும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், வெள்ளையாக இருந்தது கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்து போவதுதான்.

குளோரைடுக்கு முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம், அப்புறம் சில்வர் நைட்ரேட். அமிலம் எதற்கு என்றால், கார்பனேட்டும் சில்வரோடு வீழ்படிவு (கரையாமல் பிரிந்து வரும் திடப்பொருள்) தரும், அதை முன்கூட்டியே விரட்டத்தான். கை பழக்கத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கதை முடிந்தது, குளோரைடை நீங்களே போட்டுவிட்டீர்கள். தயிர் போல வெள்ளை வீழ்படிவு வந்து, அது அம்மோனியம் ஹைட்ராக்சைடில் கரைந்தால் குளோரைடு. வெளிர் மஞ்சளாக வந்து சிரமப்பட்டுக் கரைந்தால் புரோமைடு, மஞ்சளாகவே நின்று கரைய மறுத்தால் அயோடைடு. சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுத்துப்போய்ச் சில நாள் போகாது.

சல்பேட்டுக்கு இதே கணக்கு திரும்பி வரும்: பேரியம் குளோரைடு சேர்க்கும் முன் அமிலப்படுத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், கந்தக (சல்பியூரிக்) அமிலம் கூடவே கூடாது, சல்பேட்டை நீங்களே போட்டதாகிவிடும். அமிலத்தில் கரையாத வெள்ளை வந்தால் சல்பேட். அந்த டியூபிலேயே குளோரைடு பார்க்கலாமா என்று கேட்பவர்கள் பேரியம் குளோரைடு என்ற பெயரை ஒருமுறை மெதுவாகப் படிக்கவும்.

இனி உலோகங்கள். காப்பர் ஒளிந்துகொள்ளாது: அம்மோனியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் விட்டால் வெளிர் நீல வீழ்படிவு, அதிகமாக விட்டால் அது கரைந்து கண்ணைப் பறிக்கும் அடர் நீலம். ஃபெரிக் என்றால் பொட்டாசியம் தயோசயனேட் ஒரு சொட்டில் ரத்தச் சிவப்பு. ஃபெரஸ் சோடியம் ஹைட்ராக்சைடில் அழுக்குப் பச்சையாக வரும், காற்று பட்டு மேலிருந்து பழுப்பாகும். பழைய ஃபெரஸ் கரைசலில் கொஞ்சம் ஃபெரிக்கும் சேர்ந்திருக்கும், அதனால் அப்போதைக்கு அப்போது கரைத்துப் பாருங்கள்.

ஆட்களைத் திணறடிப்பது வெள்ளை வீழ்படிவு தருகிற கூட்டம்தான். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மொத்தமாக ஊற்றினால் வீழ்படிவு வந்ததே தெரியாமல் கரைந்துவிடும். சிங்க் (துத்தநாகம்), அலுமினியம், லெட் (ஈயம்) மூன்றும் அதிகக் காரத்தில் கரையும், மெக்னீசியம் கரையாது. அந்த மூன்றைப் பிரிக்க, புதுக் கரைசலில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு: வந்த வெள்ளை, அதிகம் விட்டதும் கரைந்தால் சிங்க். கரையாமல் நின்றால் இன்னொரு டியூபில் பொட்டாசியம் அயோடைடு. பளீர் மஞ்சள் வந்தால் லெட், வராவிட்டால் அலுமினியம்.

சோடியத்துக்குச் சுடர்ச் சோதனைதான் வழி, அதாவது உப்பைக் கம்பி நுனியில் எடுத்துச் சுடரில் காட்டி நிறம் பார்ப்பது, ஆனால் கம்பியை விரலால் தொட்டால் வியர்வை உப்பே தங்க மஞ்சளாக எரியும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துத் தோய்த்துச் சுட்டு, வெறும் கம்பி நிறம் காட்டாத பிறகே அதனால் உப்பைத் தொடுங்கள்.

லெட் வந்தவர்கள் அந்த மஞ்சளோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க வையுங்கள், கரைந்து நிறமே இல்லாமல் போகும். ஆடாமல் ஆறவிட்டால் தங்கத் தூள் மாதிரி மினுமினுத்துக்கொண்டு இறங்கும். பார்த்து முடித்ததும் கழுவும் தொட்டியில் கொட்டாமல் கழிவு ஜாடியில் ஊற்றுங்கள், ஈயம் விஷம்.