வொர்தர்சே ஏரியில் முதல் முறை இறங்குகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஈயக்குட்டையில் நீந்திப் பழகியவன் நான். ஆஸ்திரியாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இந்த ஏரியில் இறங்காமல் திரும்பியதில்லை.

ஜூலை, ஆகஸ்டில் போங்கள். ஆல்ப்ஸ் மலைப்பக்கம் என்றாலும் அப்போது மேல்தண்ணீர் 25 பாகையைத் தொடும். வெதுவெதுப்பு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை நம்பிக் குதித்துவிடாதீர்கள். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு! படியில் உட்கார்ந்து முதலில் காலை நனையுங்கள். அப்புறம் பிடரியில் இரண்டு கை தண்ணீர். மூச்சு சீரானதும் இறங்குங்கள். ஏரியின் ஆழம் 85 மீட்டர் வரை போகும், வெயிலோ மேலே மட்டும்தான். ஒருமுறை விழுந்த கண்ணாடியைப் பிடிக்க முங்கினேன். மூன்று ஆள் ஆழத்தில் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டதுபோல் ஆகிவிட்டது. கண்ணாடி போனது போனதுதான்.

கைலி வேண்டாம், காலைச் சுற்றும். நின்றபடி துடுப்புப் போடும் பலகையில் போவதானால், முதலில் மண்டியிட்டே தள்ளுங்கள். எழும்போது காலைப் பார்க்காமல் எதிர்க்கரையைப் பாருங்கள். நாணல் பக்கம் போகாதீர்கள், பறவைகள் கூடு கட்டியிருக்கும். இடி கேட்டால் உடனே கரைதான்.

கால் வலிக்காதவர்கள் ஏரிக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கும் பிரமிடன்கோகல் மரக் கோபுரத்திலும் ஏறலாம், கோபுரத்தின் உயரம் 100 மீட்டர். எனக்கு லிஃப்ட்.