மெல்ல இறங்கும் போத்தல் ஜக்: வீட்டு முற்றத்திலேயே கழற்றிச் சரிபார்ப்பது எப்படி

உழவு இயந்திரப் பெட்டியைத் தூக்கி வைத்து, ரயரின் நட்டுகளைக் கழற்றி முடிப்பதற்குள் ஜக் மெல்ல மெல்லக் கீழே வந்துவிடுகிறதா? கராஜில் கேட்டால் "சீல் போயிட்டுது, புதுசு வாங்குங்கோ" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என்னிடம் இருக்கும் பழைய 10 தொன் ஜக்குக்கும் அந்தத் தீர்ப்புத்தான் கிடைத்தது. கழற்றிப் பார்த்தால் சீலில், அதாவது ஒயில் கசியாமல் அடைக்கும் றபர் வளையத்தில், ஒரு கீறலும் இல்லை. உள்ளே இருக்கும் இரும்புக் குண்டு ஒன்றுக்கு அடியில் செம்மண் படிந்திருந்தது, அவ்வளவுதான். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துத் தூசியில், பெட்டிக்குள் சாய்ந்தும் கவிழ்ந்தும் உருண்டு திரிகிற ஜக்குகளுக்குப் பெரும்பாலும் இதுதான் நோய். சீல் வாங்க அலைவதற்கு முன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள்.

ஜக்கைப் போட்டு வாகனத்தைத் தூக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும்: நல்ல ஜக்காக இருந்தாலும் அதை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். தூக்கியவுடன் அச்சுக்குக் கீழே பாலைக்கட்டையோ பழைய சிலிப்பர் கட்டையோ வைத்து, பாரத்தை அதில் இறக்கிவிட்டு வேலையைப் பாருங்கள்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

எதையும் கழற்ற வேண்டாம். இறக்கும் திருகை வலப்பக்கமாக நன்றாக இறுக்கி, ஜக்கில் பாரம் ஏற்றி, விட்டுவிட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

பாரத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பும் தண்டைச் சுற்றி மேலே ஒயில் கசிந்தால் சீல்தான். அதற்கு மேல்மூடியைக் கழற்ற வேண்டும். பெரிய வைசும் பைப் ஸ்பனரும் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, பம்ப் கைபிடியும் அசையவில்லை, பாரம் மட்டும் இறங்குகிறது என்றால் இறக்கும் திருகின் முனையில் உள்ள குண்டு சரியாக உட்காரவில்லை.

பாரம் இறங்க இறங்கப் பம்ப் கைபிடி தானாக மேலே எழும்பினால், ஒயிலைத் தண்டுப் பக்கம் விட்டுத் திரும்ப வராமல் அடைக்கும் குண்டில் கசிவு. தள்ளிய ஒயில் பம்புக்கே திரும்பி வந்து கைபிடியைத் தூக்குகிறது.

பாரம் நின்ற இடத்தில் நிற்கிறது, ஆனால் கைபிடியை அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் போய்விடுகிறது, தண்டு ஏறவில்லை என்றால் ஒயில் குறைவு, உள்ளே காற்று, அல்லது ஒயிலை உள்ளே எடுக்கும் குண்டில் அழுக்கு. ஒயிலையும் காற்றையும் முதலில் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தேவையானவை

மண்ணெண்ணெய், பழைய துணி, ரோச் லைற், காந்தம், ஸ்பனர், வெள்ளைத் தட்டு ஒன்று. தட்டு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும், குண்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். மணல் முற்றத்தில் விழுந்த குண்டைத் தேடிக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை.

ஒயில் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹைட்ரோலிக் ஒயில் 32 வாங்குங்கள், கிடைக்காவிட்டால் 46 (எண் கூடினால் ஒயில் தடிப்பு). நம் வெயிலுக்கு இரண்டும் சரி. இயந்திரங்களுக்கு வாங்கி வைத்த 68 வீட்டில் கிடந்தால், ஊற்றலாம், வேலை செய்யும். ஆனால் தடிப்பு என்பதால் தண்டு சோம்பலாக இறங்கும். பிறேக் ஒயில் மட்டும் கூடவே கூடாது. ஜக்கின் சீல்கள் கனிம ஒயிலுக்கென்று செய்தவை. பிறேக் ஒயில் பட்டால் ஊதி மென்மையாகி, நல்ல சீலும் போய்விடும். "அதுவும் ஹைட்ரோலிக்தானே" என்று ஊற்றிக் கெடுத்த ஜக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கழுவுவதற்கும் பெற்றோலோ தின்னரோ வேண்டாம், மண்ணெண்ணெய் போதும்.

இறக்கும் திருகும் அதன் குண்டும்

எல்லோரும் தடுமாறுகிற இடம் இது, ஆறுதலாக வாசியுங்கள்.

ஜக்கை வெளிப்புறமாகத் துடையுங்கள், திருகைச் சுற்றி மண் துளிகூட இருக்கக்கூடாது. தண்டை முழுவதும் கீழே இறக்குங்கள். றபர் மூடியைக் கழற்றி ஒயிலைப் பேணி ஒன்றில் வடித்துவிடுங்கள். வடித்த ஒயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள்: பால் நிறமாக இருந்தால் மழைத்தண்ணீர் புகுந்திருக்கிறது, கறுப்பாக றபர் துணுக்குகள் மிதந்தால் சீலும் தேய்கிறது.

இப்போது இறக்கும் திருகை இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றுங்கள். சில ஜக்குகளில் அதை ஒரு சிறிய நட்டு பிடித்திருக்கும், முதலில் அதைத் தளர்த்த வேண்டும். திருகு வெளியே வந்தவுடன் குண்டும் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒயிலின் பிசுபிசுப்பில் அது துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஜக்கைத் தட்டுக்கு மேலே சரித்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள். வராவிட்டால் காந்தம். மிளகளவு குண்டு ஒன்று உருண்டு வரும்.

அதைத் துடைத்து நகத்தில் வைத்து உருட்டிப் பாருங்கள். ஒரே மாதிரி மினுங்க வேண்டும். ஒரு பக்கத்தில் வளையம்போல மங்கிய கோடோ துருப்புள்ளியோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பெயாரிங் விற்கும் கடைக்குப் பழைய குண்டையே கொண்டுபோய், அதே அளவில் கேளுங்கள். கண்மட்டத்தில் வாங்கினால் கால் மில்லிமீற்றர் வித்தியாசம் தெரியாது, ஒயிலுக்குத் தெரியும்.

அடுத்தது குண்டு உட்காரும் இடம். ரோச் லைற்றைத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். அடியில் மெல்லிய, முழுதான ஒரு வட்டம் மின்ன வேண்டும். என் ஜக்கில் அந்த வட்டத்தில் கால்வாசியைச் சிவப்புப் பசை மூடியிருந்தது. ஒயிலும் மண்ணும் சேர்ந்து காய்ந்த பசை, மண்ணெண்ணெயில் ஊறவைத்த பிறகுதான் விட்டது. கம்பி, ஊசி எதையும் விட்டுச் சுரண்டாதீர்கள். மெல்லிய குச்சியில் துணி சுற்றித் துடையுங்கள், பிறகு சைக்கிள் பம்பால் ஊதுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

துடைத்தும் வட்டத்தில் பள்ளம் தெரிந்தால் ஒரு வழி உண்டு. பழைய குண்டை உள்ளே போட்டு, அதன் மேல் பித்தளைக் கம்பியை வைத்து, சிறிய சுத்தியலால் ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. இரும்பு கொஞ்சம் அமுங்கிப் புது வட்டம் விழும். பிறகு அந்தக் குண்டை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

கவனிக்க: அடிப்பாகத்தில் வேறு சில திருகுகளும் இருக்கும். ஒயிலை எடுக்கும் குண்டும் அடைக்கும் குண்டும் அவற்றுக்குப் பின்னால்தான். இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று இல்லை. மாற்றிப் போட்டால் ஜக் தூக்காது. ஒன்றைக் கழற்றித் துடைத்துப் பூட்டிய பிறகே மற்றதைத் தொடுங்கள். இன்னொன்று, அளவுக்கு மீறிய பாரத்தில் ஒயிலைத் திருப்பிவிடும் வால்வு. பெரும்பாலும் ஒரு மூடியின் கீழே சிறிய திருகாக இருக்கும். தொழிற்சாலையில் அளந்து வைத்தது அது. "இறுக்கினால் கூடத் தூக்கும்" என்று யார் சொன்னாலும் கை வைக்காதீர்கள்.

ஒயில் ஊற்றிக் காற்றை எடுத்தல்

ஜக் நிமிர்ந்து நிற்க வேண்டும், தண்டு முழுவதும் கீழே இருக்க வேண்டும். றபர் மூடித் துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்றுங்கள். தண்டை மேலே வைத்துக்கொண்டு நிரப்பினால், இறக்கும்போது ஒயிலுக்கு இடமில்லாமல் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

பிறகு இறக்கும் திருகைத் தளர்த்தி, மூடியும் திறந்திருக்க, கைபிடியைப் பத்துப் பதினைந்து தடவை முழு வீச்சில் வேகமாக அடியுங்கள். திருகை இறுக்கி, பாரமில்லாமல் தண்டை உச்சி வரை ஏற்றுங்கள். திருகைத் திறந்து தண்டைக் கையால் அமுக்கி இறக்குங்கள். மட்டம் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றி, மூடியைப் போடுங்கள். கைபிடி இன்னும் பஞ்சுபோல அமுங்கினால் திரும்பவும் செய்யுங்கள்.

சரிபார்க்க: பாரத்தைத் தூக்கி, கட்டையை விரலளவு இடைவெளியில் கீழே வைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அந்த இடைவெளியைப் பாருங்கள்.

பராமரிப்பு

தண்டை இறக்கி, நிமிர்த்தி, பழைய யூரியாப் பையால் மூடி வையுங்கள். தண்டு வெளியே நீட்டியபடி ஒரு மாரி கிடந்தால் துருப்பிடிக்கும், அந்தத் துரு அரம்போலச் சீலை அறுத்துவிடும். லேசான துருவை மிக மெல்லிய உப்புத்தாளில் ஒயில் தொட்டுத் தேய்க்கலாம். வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது நல்லது. காலபோக அறுவடைக்கு முன் செய்துவிட்டால், நெல் மூட்டைகளோடு வயல்வரம்பில் நின்று திட்ட வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை

முருங்கன் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்: எல்லாம் செய்தும் பெட்டி இறங்குகிறதாம். விசாரித்தால் ஜக்கில் பிழை இல்லை, நிலத்தில்தான். அந்தக் கரிசல் களி மழைக்குப் பிறகு பாரம் தாங்காது. 2 தொன் பாரம் 10க்கு 10 சென்ரிமீற்றர் அடித்தட்டில் நின்றால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 20 கிலோ அழுத்தம். அதே பாரத்தை 30க்கு 30 தடித்த பலகையின் மேல் வைத்தால் 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். பலகை வையுங்கள்.

இன்னொருவர், ஜக்கைப் படுக்க வைத்துத் தள்ளினால் வேலை செய்யவில்லை என்றார். பம்ப் இருக்கும் பக்கம் கீழே வருமாறு படுக்க வையுங்கள். மேலே இருந்தால் அது ஒயிலுக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும், திரும்பவும் காற்றெடுக்க வேண்டிவரும்.