மனநல ஹோம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பன்னிரண்டு பேர் தங்கும் சின்ன மனநல ஹோம்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், "இங்கே வீடு மாதிரிதான் சார்". பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் வீடு மாதிரி என்ற நினைப்பிலேயே ரெஜிஸ்டர் எழுதுவது நின்றுபோகும். டாக்டரிடம் கேட்பது குறையும். வேலை செய்பவர்களுக்கு எது வசதியோ அதுவே மெல்ல விதியாகிவிடும். கெட்ட எண்ணத்தால் வரும் தவறுகளைவிட இப்படி வருபவைதான் அதிகம்.

முதலில், ஹோமைச் சட்டப்படி பதிவு செய்வது. வாடகை வீடுதானே, நாலு கட்டில்தானே என்று விட்டுவிடுகிறார்கள். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கட்டில்களை எண்ணுவதில்லை. மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரித்தால் பதிவு வேண்டும். சொந்தக்காரர்களோடோ நண்பர்களோடோ வாழும் குடும்ப வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு.

அடுத்தது கட்டிப்போடுவது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று சங்கிலி சட்டப்படி முழுத் தடை. சரி, சங்கிலி இல்லை, புடவையால்தான் கட்டினோம், அறையில்தான் பூட்டினோம் என்பார்கள். தனி அறையில் அடைப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்குக் கட்டுப்படுத்தலாம். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணையாகச் சட்டப்படி நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். "ராத்திரிக்கு ஒரு ஆள்தான் இருக்கிறார்" என்பது காரணமாகாது. ஆள் பற்றாக்குறைக்காகக் கட்டக் கூடாது என்று சட்டமே தனியாகச் சொல்கிறது.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் தவறுகள் வெளியே தெரியாது. சாதத்தில் கலந்து கொடுப்பது பரவலான பழக்கம். ஒருநாள் அவருக்குத் தெரிந்துவிட்டால் மாத்திரையோடு சாப்பாட்டையும் சந்தேகப்படத் தொடங்குவார். இன்னொன்று, டாக்டரைப் பார்க்காமலே பழைய சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்கிக் கொடுப்பது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்த்தே ஆக வேண்டும். சரியான அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. சித்திரை வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, உடம்பு வலிக்கு ஐபுபுரோஃபென் கொடுத்தாலோ அந்த அளவு ஏறிவிடும். கை நடுக்கம், தள்ளாட்டம், குளறல் வந்தால் "நோய் முற்றிவிட்டது" என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மற்ற மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் குளோசாபின் இன்னும் கவனம் கேட்கும். அதைச் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் வெள்ளையணுக்களைப் பரிசோதிக்க வேண்டும். மலச்சிக்கலுக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டு மறப்பது ஆபத்து; குடல் அடைபட்டு உயிரே போகலாம். இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. பீடி, சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவரை ஹோமில் சேர்ந்ததும் ஒரேயடியாக நிறுத்தச் செய்தால் அதே மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறும். நிறுத்துவது நல்லதுதான், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

குடும்பத்தாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "நல்லா சதை போட்டிருக்கான், நல்லா பார்த்துக்கிறாங்க" என்று சந்தோஷப்படுவார்கள். ஒலான்சபின் போன்ற மாத்திரைகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்து வைக்காத ஹோமில் அந்தச் சதை நல்ல அடையாளம் இல்லை. நாள் முழுக்கத் தூங்கி வழிவதையும் "இப்போ ரொம்ப அமைதி" என்று பாராட்டக் கூடாது.

பேன் தொல்லை என்று எல்லோருக்கும் மொட்டை, துவைக்கச் சுலபம் என்று எல்லோருக்கும் ஒரே நைட்டி. கட்டாய மொட்டைக்கும் கட்டாயச் சீருடைக்கும் சட்டம் இடம் கொடுப்பதில்லை. சமையல், கூட்டல், துணி துவைத்தல் ஆகியவற்றை "தெரபி" என்று பேர் வைத்து வாங்கிக்கொள்வது அதைவிட மோசம். விருப்பம் இல்லாதவரை வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்குக் கூலி உண்டு. போன் பேசவும் பார்க்க வருபவர்களைச் சந்திக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது, சேர்த்த பிறகு வெளியே அனுப்புவதைப் பற்றிய பேச்சே இல்லாமல் போவது. மாதாமாதம் பணம் வருகிறது, வீட்டுக்காரர்களும் கேட்பதில்லை, வருஷங்கள் ஓடிவிடுகின்றன. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைக் காப்பகத்திலேயே வைத்திருக்க முடியாது என்பது சட்டம். முடியாத காரியமும் இல்லை. சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, நீண்ட காலம் உள்ளே இருந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடிவைத்து, தேவையான துணையும் கொடுக்கிறது.

ஒரு ஹோமைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வரவேற்பறையோடு திரும்பிவிடாதீர்கள். மாத்திரைச் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். கழிப்பறைக்கு உள்தாழ் இருக்கிறதா, தங்கியிருப்பவர்களுக்குப் பூட்டி வைக்க ஒரு பெட்டியாவது இருக்கிறதா என்று பாருங்கள். தீப்பிடித்தால் இரவில் சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். கடைசியாக எப்போது ஒருவர் இங்கிருந்து வீட்டுக்குப் போனார் என்றும் கேளுங்கள். அப்புறம், அங்கே தங்கியிருப்பவர் ஒருவரோடு ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மறுத்தால் வேறு ஹோம் தேடுங்கள். ஏற்கெனவே சேர்த்த இடத்தில் உரிமை மீறல் நடந்தால் இதே சட்டத்தின்கீழ் அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்தில் புகார் கொடுக்கலாம். தங்கியிருப்பவரே நேரடியாகவும் கொடுக்கலாம்.