இரண்டு ஒயர் போதாது: ஆர்எஸ்-485 இணைப்பில் செய்யக்கூடாதவை

டெல்டாவில் இன்று ஓரளவு பெரிய ரைஸ் மில் எதிலும் பாய்லர் ரூமில் டெம்பரேச்சர் கன்ட்ரோலர், ட்ரையரில் மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி, மெயின் பேனலில் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் பிஎல்சி என்று இருக்கும். எல்லாம் ஆர்எஸ்-485 ஒயர் வழியாக மாட்பஸ் என்ற பொது மொழியில் பேசும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பாட் ரேட் (தகவல் போகும் வேகம்) பொருந்தாததும், இரண்டு மீட்டருக்கு ஒரே முகவரி கொடுத்ததும் பத்து நிமிஷத்தில் அகப்பட்டுவிடும். அவற்றை விடுங்கள்.

காமன் ஒயரைப் போடாமல் விடுவது

இரு பக்கக் கருவிகளின் கிரவுண்டை இணைக்கும் ஒயர்தான் காமன். காசைத் தின்கிற தவறு அதை விடுவதுதான். "485 என்றால் ஏ, பி இரண்டு ஒயர்தானே" என்று பேனலை மூடிவிடுகிறார்கள். ரிசீவருக்கு ஏ-பி இடையே 200 மில்லிவோல்ட் வித்தியாசம் போதும், உண்மைதான். ஆனால் அந்த இரண்டு ஒயரும் ரிசீவரின் கிரவுண்டிலிருந்து பார்த்தால் -7 முதல் +12 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். பாய்லர் ரூமுக்கு ஒரு எர்த் பிட், மில்லுக்கு வேறொன்று. மோட்டாரின் மின்கசிவு ஒரு பக்கத்து எர்த்தின் வோல்ட்டேஜைத் தூக்கினால் அந்த எல்லை தாண்டிவிடும்.

மாசியில் சம்பா நெல் அரைபடும்போது மண்ணில் ஈரம் இருக்கும், லைனும் ஓடும். சித்திரையில் களிமண் பாளம் பாளமாக வெடித்து எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறியதும் கருவிகள் நேரத்துக்குப் பதில் தராமல் டைம்-அவுட் ஆரம்பிக்கும். உடனே 485 சிக்னலை மாற்றித் தரும் கன்வெர்ட்டரைப் புதிதாகப் போடுவார்கள். இரண்டு நாள் ஓடும். பிறகு கேபிள், அதன்பின் பிஎல்சியின் கம்யூனிகேஷன் கார்டு. தேவைப்பட்டதோ மூன்றாவது ஒயர் மட்டும்!

இரண்டு ஜோடி ட்விஸ்டட் ஷீல்டு கேபிள் வாங்குங்கள். ஒரு ஜோடி ஏ, பி-க்கு. மற்றதில் ஒன்று காமனுக்கு. ஷீல்டு காமன் ஆகாது. அதை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இணைக்குமுன் இரு பேனல்களின் காமன்களுக்கு இடையே மீட்டரை வைத்து ஏசி, டிசி இரண்டும் பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அல்லது கேபிள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால், இரு பக்கத்தையும் மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் ஐசொலேட்டட் ரிப்பீட்டர் போடாமல் கரண்ட் கொடுக்காதீர்கள். ஐப்பசி இடிக்கு சர்ஜ் அரெஸ்டரும் வேண்டும்.

டெர்மினேஷன்

சிக்னல் கோடியில் மோதித் திரும்பாமலிருக்க ஏ-பி இடையே 120 ஓம் ரெசிஸ்டர், லைனின் இரு கோடியில் மட்டும். கரண்டை நிறுத்தி ஏ-பி இடையே அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் வரும். 120 என்றால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 40 என்றால் நடுவில் யாரோ மூன்றாவதைச் செருகியிருக்கிறார்கள்; பல விஎஃப்டிகளில் அதற்கென்றே சின்ன ஸ்விட்ச் உண்டு, அதைப் பாருங்கள்.

ஸ்டார் ஒயரிங்

ஒரே இடத்திலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக ஒயர் இழுப்பது கூடாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, வரிசையாக.

ஏ, பி குழப்பம்

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பதில் வரவில்லையென்றால் முதலில் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

40001

மேனுவலில் ரெஜிஸ்டர் (அளவு இருக்கும் இடம்) எண் 40001 என்றால் லைனில் போகும் முகவரி 0. எல்லா அளவும் ஒரு இடம் தள்ளி வந்தால் காரணம் இதுதான்.

கேட்வே

485 லைனை நெட்வொர்க்குடன் இணைக்கும் பெட்டி இது. நெட்வொர்க்கில் ஓடும் மாட்பஸ் டிசிபிக்கு போர்ட் 502. ஐபி முகவரி நிலையானதாக இருக்கட்டும். ரவுட்டர் தானாகக் கொடுப்பது வேண்டாம்.